முன்கம்பு அங்கம்மா

"ஊம் சொல்லுங்க, பெரியப்பா. நீங்க ஊம் கொட்டலேன்னா நான் யாருக்குக் கதை சொல்றேன்?"

அங்கம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்கிறாள். திரும்ப அவளால் முடியாது. மூங்கில் கம்பின் முன்முனை அவளுடைய வலது தோளில் இருக்கிறது. பின்முனையைக் கிழவர் கறுப்பையாவின் மகன் சுமக்கிறான். நடுவில், சாக்குத் துணியால் கட்டிய டோலிக்குள், காய்ச்சலில் சுருண்டு கிழவர் தொங்குகிறார். காலடியில் சறுக்கும் செம்மண். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

டோலிக்குள்ளிருந்து "ஊம்" என்று ஒரு முனகல் வருகிறது. அவள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறாள். கதை என்றால் அப்படியொன்றும் பெரிய கதை இல்லை. அடைக்கு உட்கார்ந்த கோழி பாதியில் எழுந்து போய்விட்டது. அவள் அதைத் தேடிப் போனாள். கோழி பாப்பம்மா வீட்டு அடுப்புச் சாம்பலில் குளித்துக்கொண்டிருந்தது. இதையே இழுத்து இழுத்து மலை இறங்கி முடியும்வரை சொல்லுவாள். நடுநடுவே "ஊம் சொல்லுங்க." முனகல் கேட்டால் கால் அதே வேகத்தில் போகும். கேட்காவிட்டால் நின்றுவிடும்.

நான் பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்துகிறவன். கண்டியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக ஏறி இறங்குவது என் உத்தியோகம். பிள்ளைகள் என்னைக் கண்டால் காப்பிச் செடிக்குள் ஓடி ஒளிகிற ஊர்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று கொறக்காப்பள்ளம். அங்கம்மாவை எனக்கு அங்கேதான் பழக்கம். அவளுக்கு நான் "அம்மைப்பால் ஐயா."

கொறக்காப்பள்ளம் வத்தேகமைக்கு அப்பால், ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கீழே, மலை மடிந்து கிடக்கிற இடத்தில் இருக்கிறது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் சில சோனக முஸ்லிம் வீடுகளும் சேர்ந்த ஊர். அதிலிருந்து வெளியே போக இரண்டு வழி. கீழ்வழி ஓடையைத் தாண்டிப் போகிறது. ஓடைக்குக் குறுக்கே விழுந்த மரம் ஒன்றுதான் பாலம். அதற்கப்பால் வயல் வரப்பில் நடந்து சிங்களக் கிராமத்தைக் கடந்தால் கண்டி ரோடு வரும். மேல்வழி தோட்டத்து வண்டி ரோட்டுக்கு ஏறுகிறது. அந்த ரோட்டில் காப்பி மூட்டைகள் மாட்டு வண்டியேறிக் கண்டி ரெயில் நிலையத்துக்குப் போகும். ரெயில் கண்டிக்கு வந்த பிறகு வண்டிகள் இன்னும் அதிகம். ஆனால் அது தோட்டத்தின் சொந்த ரோடு. அது வெளியே போகிற முனையில் மரத்தால் ஒரு கேட்டு உண்டு. பழம் பறிக்கிற காலத்தில் காப்பி களவு போகிறது என்று சொல்லி, வெளியாளை அந்த ரோட்டில் விடுவதில்லை.

ஆக, கொறக்காப்பள்ளத்துக்குள் ஒரு சக்கரமும் உருண்டதில்லை. நடக்க முடியாதவர்கள் அங்கம்மாவின் தோளில்தான் வெளியேற வேண்டும்.

ஊரில் எத்தனை சனம் என்று ஒருமுறை கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"எத்தன பேருன்னெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. யாரு எவ்வளவு கனம்னு கேளுங்க, சொல்றேன்."

சொன்னாள். கறுப்பையா பார்க்கத்தான் ஒல்லி, எலும்பு முழுக்கக் கல். பாப்பம்மா உடம்பில் தண்ணீர் கட்டியிருக்கிறது, போன வருஷத்தைவிட இப்போது கூடுதல் கனம். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் சுருங்கியது. "இதுகளத் தூக்கினா தோளுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உயரமில்லை. வலது தோளில் தோல் காய்த்து, நிறம் மாறி, ஒரு சிறு மேடாக நிற்கிறது. அந்தப் பக்கம் படுத்து உறங்க முடியாது என்பாள். டோலி தூக்கும் நாளில் பழைய கம்பளியை மடித்து அந்த மேட்டின்மேல் போட்டுக்கொள்வாள். சேலையைக் கெண்டைக்கால் வரை ஏற்றிச் செருகி, தரையில் கால் விரல்களை ஒருமுறை விரித்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கம்பைத் தொடுவாள். முன்கம்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். பின்னால் வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டியதில்லை, அவள் கால் வைத்த இடத்தில் வைத்தால் போதும். கண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் போவாள். உள்ளே ஒருபோதும் நுழைந்ததில்லை. டோலியை இறக்கி வைத்துவிட்டு, மதிலோரம் கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். சுமந்து போன வீட்டில் அன்றைக்குக் கை நனைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் அப்படித்தான்."

கதை சொல்லுகிற வழக்கம் மட்டும் எப்படி வந்தது என்று அவளே சொன்னாள், வெயிலில் காப்பிக் கொட்டையைக் காலால் துழாவி உலர்த்திக்கொண்டே.

அவளும் அவள் புருஷன் காளிமுத்துவும் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டு ரோட்டில் நடந்து வந்தவர்கள். தோட்டத்தில் சில வருஷம் இருந்துவிட்டு, கங்காணியோடு ஒத்துவராமல் கீழே இறங்கி, ஒரு துண்டு நிலத்தில் வாழையும் காப்பியும் வைத்தார்கள். ஊரில் யாருக்காவது முடியாமல் போனால் புருஷனும் பெண்சாதியுமாகத் தூக்கினார்கள். காளிமுத்து முன்கம்பு, இவள் பின்கம்பு. பிறகு ஒரு மழைக்காலத்தில் காளிமுத்துவே காய்ச்சலில் விழுந்தான். இவள் முன்னால் போனாள். பக்கத்து வீட்டுக்காரன் பின்னால் பிடித்தான்.

"ஓடையத் தாண்டுறப்ப ஒரு தடவ முனகுனாரு. அப்புறம் சத்தமே இல்ல. தூங்குறாருன்னு நெனச்சேன். தூங்கட்டும்னு ஆடாம அசையாம நடந்தேன், அம்மைப்பால் ஐயா. அவ்வளவு பதனமா நான் யாரையும் தூக்குனதில்ல. ஆஸ்பத்திரில எறக்கிப் பாத்தா ஒடம்பு வெறச்சுப் போச்சு. எந்த எடத்துல போனாருன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. வயக்காட்டுலயா, ரோட்டுலயா... பின்னால வந்தவனுக்கும் தெரியல."

கொட்டையைத் துழாவுகிற கால் நிற்கவில்லை.

"அதுக்கப்புறம்தான் ஊம் கேக்கறது."

அவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. அதை அவள் சொல்லமாட்டாள். பஹ்மி சொன்னான், வண்டிக்கார முஹ்ஸின் சொன்னார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரசிங்கமும் சொன்னார். மூவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

பஹ்மி தோளில் துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்கிறவன். அவன் மனைவி றலியாவுக்குத் தலைப் பிரசவம். காப்பிப் பழக்காலம், விடாத மழை. றலியாவின் மாமியார் ஹவ்வா உம்மாதான் அந்த ஊருக்கே மருத்துவிச்சி. வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போன பிறகு, விடிகிற நேரத்தில் அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

"மகன், புள்ள குறுக்கால கெடக்கு. இது என்ட கைக்கு அடங்காது. கண்டிக்குக் கொண்டு போங்க. அங்கம்மாவக் கூப்பிடுங்க."

அங்கம்மா வந்தாள். அவள் முன்னால், பஹ்மி பின்னால். கீழ்வழியில் இறங்கி ஓடைக்குப் போனால் மரப்பாலம் இல்லை. வெள்ளம் இரவோடு இரவாக அதைத் தூக்கிப் போயிருந்தது. பஹ்மி அங்கேயே அழுதுவிட்டான். "அழறதுன்னா நடந்துகிட்டே அழுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அங்கம்மா டோலியோடு மலைப்பக்கம் திரும்பினாள். இறங்கிய வழியெல்லாம் திரும்ப ஏறி, அதற்கு மேலும் ஏறித் தோட்டத்து ரோட்டைப் பிடித்தார்கள். ஏற்றத்தில் பின்னால் இருப்பவனுக்குத்தான் பாரம். பஹ்மி இரண்டு முறை முழங்காலில் விழுந்தான். கம்பைக் கீழே விடவில்லை. றலியாவுக்குக் கோழிக் கதை, வாழைக் கதை எல்லாம் போனது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊம் கொட்டியபடியே வந்தாள்.

கேட்டு மூடியிருந்தது. அங்கே குடை பிடித்து நின்றவர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவரில்லை, பயந்த சுபாவம். போன வாரந்தான் யாரோ காப்பியைத் திருடிப் பிரேதப் பாடை போலச் சுமந்துபோய்ப் பிடிபட்டிருந்தார்கள். தோட்டத்துத் துரை அவரைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்.

"நில்லுங்கோ. இஞ்சால ஆரையும் விடச் சொல்லி எனக்கு உத்தரவில்லை."

"புள்ளத்தாச்சி ஐயா. கண்டிக்குப் போகணும்."

"உப்பிடித்தான் எல்லாரும் சொல்லினம். சாக்கு தோட்டத்துச் சாக்கெல்லோ? உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

டோலி பழைய காப்பிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தது. கிழிந்துபோனதென்று தோட்டத்தில் வீசியவைதான். ஆனால் தோட்டத்தின் அடையாளம் அதில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

அங்கம்மா அவரோடு வாயாடவில்லை. "றலியா, ஊம் சொல்லு புள்ள," என்றாள். சத்தமில்லை. "புள்ள, ஊம் சொல்லு." அப்போதும் இல்லை.

டோலியை நடுரோட்டில் இறக்கினாள். பின்னால் தோட்டத்திலிருந்து மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. அவள் சாக்கின் முடிச்சை அவிழ்த்து இருபக்கமும் விரித்தாள். மழை றலியாவின் முகத்தில் விழுந்தது. உதடு வெளுத்துப்போய், கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சு மட்டும் ஓடியது. சாக்கின் அடிப்பக்கம் இரத்தத்தில் நனைந்திருந்தது.

"பாருங்க," என்றாள் அங்கம்மா. "நல்லாப் பாருங்க. இதான் நாங்க திருடிட்டுப் போற காப்பி."

வீரசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் கை கேட்டுக்குப் போகவில்லை. துரை கண்டிக்குப் போயிருக்கிறார், அவர் வந்து சொல்லாமல் தன்னால் ஒன்றும் செய்யேலாது என்று வாய்க்குள் சொன்னார். பஹ்மி அவர் காலில் விழப் போனான். அங்கம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். றலியாவுக்குப் பக்கத்தில் சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கம்பளியை எடுத்து றலியாவின் முகத்துக்கு மேலே கூரைபோலப் பிடித்தாள்.

"மனுசர் போகக் கூடாதுன்னா சரி. காப்பியும் போகட்டுமா பாப்போம். எங்க மேல வண்டிய ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க."

வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். மழையில் நின்றால் மூட்டை நனையும், காப்பி கறுத்துப் போகும், பழி தங்கள் தலையில் விழும். முதல் வண்டி முஹ்ஸினுடையது. அவர் இறங்கி வந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய், வண்டியின் பின்பக்கத்திலிருந்து மூட்டைகளைத் தூக்கி ரோட்டோரத்தில் அடுக்க ஆரம்பித்தார்.

"டேய் முஹ்ஸின், என்ன செய்யிறாய்? மூட்டை நனைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?" வீரசிங்கம் கத்தினார்.

"மூட்டதான் தொரைக்குச் சொந்தம். வண்டி என்ட, மாடு என்ட," என்றார் முஹ்ஸின். "கேட்டத் தொறங்க கணக்கப்பிள்ளை. அல்லாஹ்வுக்குப் பயந்து தொறங்க."

வீரசிங்கம் குடையை மடித்துவிட்டு வந்து, கட்டையைத் தூக்கிக் கேட்டைத் திறந்தார். தன் மேல்கோட்டைக் கழற்றி மூட்டைகளுக்கு மேலே போட்டார் என்று முஹ்ஸின் சொல்கிறார். வீரசிங்கம் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

வண்டிக்குள் பஹ்மி றலியாவின் தலையை மடியில் வைத்திருந்தான். அங்கம்மா வண்டியில் ஏறவில்லை. மாட்டுக்குப் பாரம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நடந்தாள், ஏற்றம் வந்த இடங்களில் சக்கரத்தைத் தள்ளினாள். வத்தேகமைக் கடைத்தெருவைத் தாண்டும்போது றலியா கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

றலியா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. பஹ்மி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, அங்கம்மா மதிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாளாம். எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டி வாங்கினாளாம். "இதுக்குக் கனமே இல்லையே தம்பி," என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு நடந்ததில் மகிழ்ச்சிக்கு அதிகம் இல்லை. முஹ்ஸினுக்கு அந்தத் தோட்டத்தில் சுமை கிடைப்பது நின்றது. இப்போது கண்டிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றுகிறார். அங்கம்மாவை அந்தப் பழக்காலத்தில் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்க விடவில்லை. அடுத்த வருஷம் ஆள் போதாமல் அவர்களே கூப்பிட்டார்கள், அவளும் போனாள். கேட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் நோயாளி என்றால் வீரசிங்கம் கேள்வி கேட்காமல் திறந்துவிடுகிறார். துரைக்குத் தெரியுமோ தெரியாதோ.

ஓடைக்கு ஒரு நல்ல பாலமும் வண்டி போகிற அளவுக்கு ஒரு பாதையும் வேண்டும் என்று ஊரார் அரசாங்கக் கச்சேரி வரை போய்ச் சொன்னார்கள். ஓவர்சியர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். அரசாங்கம் ஆள் எண்ணிய நாளில் பெரும்பாலோர் மேலே தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தோட்டத்து ஆட்களோடு ஆட்களாக எண்ணப்பட்டுவிட்டார்கள். கணக்கின்படி கொறக்காப்பள்ளத்தில் அன்றிருந்தவர்கள் கிழவர்களும் கைப்பிள்ளைகளும்தான். இத்தனை குறைந்த சனத்துக்குப் பாதை வெட்ட முடியாது என்று ஓவர்சியர் சொல்லிப் போனார்.

"அவரு சொல்றதும் சரிதான்," என்றாள் அங்கம்மா. கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "அப்ப இல்லாட்டியும் இப்ப கொறஞ்சுதானே போச்சு. ரோடு இல்லேன்னு ஒவ்வொரு வீடா எறங்கிப் போகுது. நான்தான் எல்லாரையும் தூக்கிட்டுப் போய் விடுறேன். சீக்கா இருந்தாலும் நான்தான், குடி மாறிப் போனாலும் நான்தான்."

வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கூரை குறைந்திருப்பதை நானும் கண்டேன். காலியான வீட்டின் மூங்கிலைத் தோட்டத்தில் பந்தல் போட எடுத்துப் போய்விடுவார்கள். வாசலில் வைத்த காப்பிச் செடி மட்டும் நிற்கும். அண்மையில் அந்தச் செடிகளிலும் ஏதோ நோய். இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் பொடி கையில் ஒட்டுகிறது.

கடைசியாக நான் போனபோது பஹ்மியின் வீட்டு வாசலில் பாயும் பானையும் கட்டி வைத்திருந்தது. றலியா மறுபடி நிறைமாதம். வத்தேகமையில் ஒரு துணிக்கடையில் பஹ்மிக்கு வேலை கிடைத்துவிட்டது. கடைக்குப் பின்னால் குடியிருக்க இடம். வலி வருவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்று ஹவ்வா உம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

மழை இல்லாத மாதம். ஓடைக்கு வேறொரு மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அங்கம்மா முன்னால், பஹ்மி பின்னால். பானையைத் தலையில் வைத்து ஹவ்வா உம்மா. கடைசியில் என் பெட்டியோடு நான். றலியா டோலிக்குள்ளிருந்து கேட்கப்படாமலே ஊம் கொட்டி வந்தாள். ஒருமுறை சிரித்ததும் கேட்டது. சிங்களக் கிராமத்தைத் தாண்டிக் கண்டி ரோட்டுக்கு வந்தபோது அங்கே வண்டி காத்து நின்றது.

றலியாவை ஏற்றினார்கள். அவள் அங்கம்மாவின் கையை விடவில்லை.

"நீங்களும் வந்துடுங்களேன் தாத்தா. எங்களோட இருங்க. உம்மாவும் சொல்றாங்க."

சோனக வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அங்கம்மாவை அவள் அப்படி அழைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அங்க வந்து நான் என்ன செய்ய?" என்றாள் அங்கம்மா. "அங்கதான் வாசலுக்கே வண்டி வருதாமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "கறுப்பையா பெரியப்பா இன்னும் இருக்காரு. பாப்பம்மாவுக்குக் காலு வீங்கிக்கிட்டே போகுது. நீ போ புள்ள. நல்லபடியாப் பெத்தெடு."

வண்டி நகர்ந்தது. வளைவில் மறையும் வரை ஹவ்வா உம்மா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அங்கம்மா சாக்கை உதறி, மடித்து, கம்பளியோடு சேர்த்து இடுப்பில் கட்டினாள். மூங்கிலைத் தூக்கினாள். பின்முனையைப் பிடிக்க இப்போது ஆள் இல்லை. நான் கண்டிப் பக்கம் போக வேண்டியவன். என்றாலும், ஓடை வரையாவது பிடித்து வரட்டுமா என்று கேட்டேன்.

"வெறுங்கம்புக்கு எதுக்கு ஐயா ரெண்டு ஆளு?"

வழக்கம்போல் கம்பின் நுனியைத் தோளில் வைத்தாள். பின்பக்கம் தரையில் இடித்தது. கம்பை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இப்போது முன்பக்கம் தாழ்ந்தது. பின்னுக்கு இழுத்தாள். அந்த நீள மூங்கிலின் நடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு, நடுரோட்டில், நெடுநேரம் அப்படியே நின்றாள்.